சூடான் பாட்டி கதைகளில் நீதியைப் படிப்பது எப்படி?

சூடானின் நாட்டுப்புறக் கதைகளை முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்குக் கதை முடியும் இடத்தில் ஒரு தடுமாற்றம் வரும். பெண்ணொருத்தி கிழவனின் தோலை உரித்துப் போர்த்திக்கொள்கிறாள். நரி சிங்கத்துக்கு எல்லாவற்றையும் தாரைவார்க்கிறது. ஒரு ஞானி நடக்கவே நடக்காத காரியத்துக்கு அரசனிடம் வாக்குக் கொடுத்துவிட்டு அவகாசம் வாங்கிக்கொள்கிறார். கதை அத்தோடு முடிந்துவிடும். ‘இதனால் அறியப்படுவது யாதெனில்’ என்று ஒரு வரியும் வராது. பள்ளிப் பாடத்தில் நீதிக்கதை படித்துப் பழகிய கண்ணுக்கு, இவை நீதியே இல்லாத கதைகளாகத் தெரியும்.

நீதி இருக்கிறது. யார் தப்பிக்கிறார்கள், யார் மாட்டிக்கொள்கிறார்கள், எந்தத் தப்புக்கு அடி விழுகிறது, எந்தத் தப்பு அடி வாங்காமல் போகிறது என்ற கணக்குக்குள் அது இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்கப் பழகிவிட்டால் இந்தக் கதைகள் வேறு மாதிரி பேசத் தொடங்கும்.

கதை சொல்லும் இடமும் நேரமும்

வட, மத்திய சூடானின் அரபி பேசும் ஊர்களில் இந்தக் கதைக்கு ‘ஹுஜ்வா’ என்று பெயர், பன்மையில் ‘அஹாஜி’. சொல்பவர் பெரும்பாலும் பாட்டி. அங்கே பாட்டியை ‘ஹபோபா’ என்பார்கள். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, மண்சுவர் சூழ்ந்த முற்றத்தில், ‘அங்கரேப்’ எனப்படும் கயிற்றுக்கட்டிலில் ஹபோபா சாய்ந்துகொள்ள, பிள்ளைகள் அதே கட்டிலிலும் சுற்றிலுமாக நெருக்கியடித்துப் படுத்துக்கொள்வார்கள். அஹாஜி இரவுக்கு உரியது. பகலில் வேலை கிடக்கும்போது கதை கேட்டால் அதட்டல்தான் கிடைக்கும். கதைக்கு முன்னால் சில விடுகதைகள் போடுவதும் உண்டு. பிள்ளைகளின் கவனத்தை ஓரிடத்துக்குக் கொண்டுவர அது ஒரு சின்னப் பயிற்சி.

தொடக்கத்துக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது: ‘ஹஜ்ஜேத்கும் மா பஜ்ஜேத்கும், ஹேரன் ஜானா வ ஜாகும்.’ எதுகை போட்டு வரும் இந்த வரியில் கதை சொல்லப்போகிற அறிவிப்பும், எங்களுக்கும் உங்களுக்கும் நன்மை வந்தது என்ற வாழ்த்தும் சேர்ந்திருக்கின்றன. முடிவுக்கும் ஒன்று உண்டு. கதை அறுந்து நம்மில் மிகச் சிறியவரின் மடியில் விழுந்துவிட்டது என்ற பொருளில் ஹபோபா அதைச் சொல்லி முடிப்பார். அந்த முடிவு வரிக்குப் பிறகு விளக்கம் கிடையாது. கதையை மடியில் வாங்கிக்கொண்ட கடைக்குட்டி அதை என்ன செய்வது என்பது கடைக்குட்டியின் பாடு.

இந்த இரண்டு வாய்பாடுகளும் அலங்காரத்துக்காக மட்டும் இல்லை. முதல் வரி கேட்டதும், இனி வருவது பொய் என்று திட்டவேண்டிய பொய் இல்லை என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசி வரி கேட்டதும் அரக்கி முற்றத்தை விட்டுப் போய்விட்டாள் என்று ஆகிவிடுகிறது. பயங்கரமான நிகழ்ச்சிகளைப் பாட்டி தயங்காமல் சொல்ல முடிவதற்கு இந்த இரண்டு வேலிகளே காரணம். அச்சில் வரும் பல தொகுப்புகள் இவற்றை வெட்டிவிடுகின்றன. வெட்டினால் கதையின் கொடூரம் மட்டும் அம்மணமாக நிற்கும்.

ஆண்கள் கூடும் இடங்களில் வேறு வகைகள் ஓடும். குலப்பெருமை சொல்லும் வீரக்கதைகள், ஒட்டகம் மேய்ப்பவர்களின் ‘தொபேத்’ பாடல்கள், சூஃபிப் பெரியவர்களின் அற்புதங்கள் எல்லாம் அங்கே. சூடானை ஃபுஞ்சு சுல்தான்கள் ஆண்ட காலத்தின் இறுதியில் வாழ்ந்த முகம்மது அந்நூர் வத் தைஃபல்லா, இந்தச் சூஃபிப் பெரியவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து எழுதிவைத்தார். வாய்மொழியில் இருந்த ஏராளமான அற்புதக் கதைகள் அப்படித்தான் எழுத்துக்கு வந்தன. ஆனால் தொடங்குகிறவர் பாட்டிகளிடமிருந்து தொடங்குவதே நல்லது.

ஒரு கதையைப் பிரித்துப் பார்ப்போம்: அழகி ஃபாத்திமா

சூடானில் பரவலாகத் தெரிந்த கதை ‘ஃபாத்திமா அஸ்ஸம்ஹா’, அதாவது அழகி ஃபாத்திமாவின் கதை. ஊருக்கு ஊர் மாறும். ஒரு பரவலான வடிவம் இப்படிப் போகிறது.

ஃபாத்திமாவின் அண்ணன் நீர்த்துறையில் நீண்ட தலைமுடி ஒன்றைக் கண்டெடுக்கிறான். இந்த முடிக்குச் சொந்தக்காரி யாராக இருந்தாலும் அவளையே கட்டிக்கொள்வேன், என் தங்கையாக இருந்தாலும் சரி என்று சத்தியம் செய்துவிடுகிறான். முடி ஃபாத்திமாவினுடையது. கல்யாண வேலை தொடங்குகிறது. வீட்டில் யாரும் தடுப்பதில்லை. ஃபாத்திமா வேறு சில பெண்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடுகிறாள். வழியில் ஆள் தின்னும் அரக்கியின் வீட்டில் இரவு தங்க நேர்கிறது. அரக்கி பசியோடு காத்திருந்து, ‘தூங்குவது யார், விழித்திருப்பது யார்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், ஃபாத்திமா மட்டும் விழித்திருக்கிறாள். ‘எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா என்றால் கடலிலிருந்து சல்லடையில் தண்ணீர் கொண்டுவந்து தருவாள், அதைக் குடித்துத்தான் தூங்குவேன்’ என்கிறாள். அரக்கி சல்லடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். ஃபாத்திமா தோழிகளை எழுப்பி ஓட்டமெடுக்கிறாள்.

பிறகு ஒரு கிழவனைச் சந்திக்கிறாள். கிழவர்களின் தோல் எப்படிக் கழலும் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்க, உச்சந்தலையில் முள் குத்தினால் கழன்றுவிடும் என்று அவனே சொல்லிவிடுகிறான். அவள் குத்துகிறாள். தோல் கழல்கிறது, அவள் போர்த்திக்கொள்கிறாள். கிழவனாக மாறிய ஃபாத்திமா, வத் அந்நுமைர் என்ற தலைவன் மகனிடம் எடுபிடி வேலைக்குச் சேர்கிறாள். அவள் குளிக்கும்போது தோலைக் கழற்றி வைப்பது தெரியவருகிறது. வத் அந்நுமைர் அவளைச் ‘சீஜா’ ஆட அழைக்கிறான். தோற்றவரின் தோலை ஜெயித்தவர் கத்தியால் கீறலாம் என்பது பந்தயம். சில வடிவங்களில் முதலில் அவள் ஜெயிக்கிறாள், ஆனால் கத்தியை எடுப்பதில்லை. பிறகு அவன் ஜெயிக்கிறான், கீறுகிறான், உள்ளே இருந்தவள் வெளியே வருகிறாள், கல்யாணம்.

சீஜா என்பது மணலில் ஆடும் விளையாட்டு. ஐந்துக்கு ஐந்தாக 25 குழிகள், ஆளுக்கு 12 காய்கள், நடுக்குழி காலி. எதிராளியின் காயை இருபுறமும் அண்டை கட்டி எடுக்க வேண்டும். கதையைக் கேட்கும் பிள்ளைகள் பகலில் ஆடிய அதே விளையாட்டு இது. அதனால் பந்தயத்தின் கனம் அவர்களுக்கு விளக்காமலே புரியும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அண்ணன் செய்தது சத்தியம். சத்தியத்தைக் காப்பாற்றுவது நல்ல குணம் என்றுதான் அந்தச் சமூகமும் சொல்லும். ஆனாலும் கதை அவன் பக்கம் நிற்கவில்லை. யோசிக்காமல் செய்த சத்தியம் உறவின் எல்லையை மீறினால் அதை உடைத்துக்கொண்டு ஓடுபவளே நாயகி. இது லேசான விஷயம் இல்லை: பெரியவர்கள் சேர்ந்து தவறும்போது, பிள்ளை கீழ்ப்படியத் தேவையில்லை என்று பாட்டியே பேத்தியிடம் சொல்கிறாள். நேராகச் சொல்ல முடியாத பேச்சு, அரக்கி கதையாக வருகிறது.

அரக்கியின் வீட்டில் பெண்கள் பலர் இருந்தும் விழித்திருந்தவள் ஒருத்திதான். அவள் தனியாகத் தப்பியிருக்கலாம், எல்லோரையும் எழுப்பிக்கொண்டு போகிறாள். தப்பிக்கும் வழியும் கவனிக்கத்தக்கது. ஆயுதம் இல்லை, மந்திரம் இல்லை. செய்ய முடியாத வேலை ஒன்றைப் பணிவான குரலில் கேட்டுப் பெறுகிறாள். ‘என் அம்மா என்றால்’ என்ற சொல்லால் அரக்கியை விருந்தோம்பலின் கடனுக்குள் மாட்டிவிடுகிறாள். கேட்ட விருந்தாளிக்கு இல்லை என்று சொல்ல முடியாத பண்பாட்டில் அரக்கிக்கும் வேறு வழி இல்லை.

தொடங்குகிறவர்கள் திணறும் இடம் கிழவன். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, அவன் தோல் போகிறது, ஃபாத்திமாவுக்குத் தண்டனை இல்லை. ‘இது என்ன நீதி?’ என்று கேட்டு, பல மறுபதிப்புகள் இந்தப் பகுதியை மழுப்பிவிடுகின்றன. கதையின் உள்விதி வேறு. உயிருக்கு ஓடும் பலவீனர் செய்யும் தந்திரம் இங்கே குற்றக் கணக்கில் சேராது. உறவினரையோ, சோறு போட்டவரையோ, அடைக்கலம் தந்தவரையோ ஏமாற்றினால்தான் சேரும். இந்த விதி நமக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் இது தெரியாமல் படித்தால் கதை ஒழுங்கற்றதாகத் தோன்றும். சீஜா ஆட்டத்தில் ஜெயித்தும் கத்தியை எடுக்காத ஃபாத்திமாவை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது அவள் உயிருக்கு ஆபத்து இல்லை, ஆகவே கைக்கு வந்த உரிமையையும் அவள் பயன்படுத்துவதில்லை. அதே கையால்தான் கிழவனின் தலையில் முள் குத்தினாள்.

அண்ணனின் சத்தியம் இல்லாத வடிவங்களும் உண்டு. அவற்றில் தோழிகளோடு வெளியே போனவள் அரக்கியிடம் சிக்குகிறாள். அப்போது கதை கற்றுத்தருவதும் மாறிவிடுகிறது: வீட்டின் தவறிலிருந்து தப்புவது போய், வெளியின் ஆபத்திலிருந்து தப்புவது வருகிறது. ஆகவே ‘ஃபாத்திமா கதையின் நீதி என்ன?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த ஊரின், எந்தப் பாட்டியின் ஃபாத்திமா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஷேக் ஃபரா வத் தக்தூக்: சட்டைக் கைக்குச் சோறு ஊட்டியவர்

பாட்டி கதைகளுக்கு வெளியே, பெரியவர்களும் நாளெல்லாம் மேற்கோள் காட்டும் பெயர் ஃபரா வத் தக்தூக். சென்னாரைத் தலைநகராகக் கொண்ட ஃபுஞ்சு சுல்தானகத்தின் (1504–1821) காலத்தவர், பதாஹின் குலத்தைச் சேர்ந்தவர். எது அவர் சொன்னது, எது பின்னால் அவர் தலையில் ஏற்றியது என்று பிரிக்க முடியாத அளவுக்கு அவர் பெயரில் கதைகளும் சொற்களும் சேர்ந்திருக்கின்றன. ‘வீட்டில் உட்கார்ந்தபடி பயணம் போவார்கள், நூலில் பேசுவார்கள்’ என்று அவர் சொன்னதாகவும், அது ரயிலையும் தொலைபேசியையும் பற்றியது என்றும் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

விருந்துக் கதை பிரபலம். கிழிந்த உடையில் போனவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். நல்ல உடை உடுத்தித் திரும்பி வருகிறார், தலைமாட்டில் இடம் கிடைக்கிறது. தட்டு வந்ததும் சட்டைக் கையை உணவுக்குள் நுழைத்து, ‘சாப்பிடு என் சட்டைக் கையே, என் வாய்க்கு முன்னால் நீ சாப்பிடு’ என்கிறார். தமிழில் முல்லா கதைகள் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதை. ஆமாம், அதேதான். மேற்காசியாவில் முல்லாவின் பேரில் உலவுவது சூடானில் வத் தக்தூக்கின் பேரில் உலவுகிறது. வாய்மொழிக் கதைக்கு இதில் வெட்கம் இல்லை. வந்த கதைக்கு உள்ளூர் ஆள் ஒருவரைத் தேடிக்கொடுத்து, அதைத் தன் ஊர்க்கதை ஆக்கிக்கொள்வதுதான் வழக்கம்.

ஒட்டகக் கதையில் இன்னும் காரம் அதிகம். அரசனின் ஒட்டகத்துக்குப் படிக்கக் கற்றுத்தருவதாக வத் தக்தூக் ஒப்புக்கொண்டு, அதற்குச் சில ஆண்டுகள் அவகாசமும் கேட்டு வாங்கிவிடுகிறார். பதறிப்போன நண்பர்கள் தலை போகுமே என்கிறார்கள். அவர் பதில் சூடானில் பழமொழியாகவே ஆகிவிட்டது: ‘யா ஃபில் பஈர், யா ஃபில் அமீர், யா ஃபில் ஃபகீர்.’ அதற்குள் ஒட்டகம் போகலாம், அல்லது அரசன் போகலாம், அல்லது இந்த ஏழை நானே போகலாம்.

இதிலிருந்து ‘பொறுமை வேண்டும்’ என்று ஒரு நீதியை உருவலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அது பாதிதான். பைத்தியக்கார ஆணை இடும் ஆட்சியாளனிடம் மோதாமலும், அவன் ஆசையை உண்மையில் நிறைவேற்றாமலும், காலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது எப்படி என்பதற்கான செய்முறை இது. ஃபாத்திமாவின் சல்லடைத் தண்ணீரும் இதுவும் ஒரே சாதி. அங்கே செய்ய முடியாத வேலையைப் பலவீனர் பலசாலிக்குக் கொடுக்கிறார். இங்கே பலசாலி கொடுத்ததைப் பலவீனர் வாங்கிக்கொண்டு நேரம் கடத்துகிறார்.

விலங்குகள்

விலங்குக் கதைகளில் பாத்திரங்கள் நிலையானவை. நரிக்கு ‘அபுல் ஹுசைன்’ என்ற செல்லப்பெயர், தந்திரம் அதன் தொழில். கழுதைப்புலி ‘மர்ஃபஈன்’. பேராசையும் மந்தபுத்தியும் சேர்ந்தது, எந்தக் கதையிலும் அடி வாங்குவது அதுவே. சிங்கம் அதிகாரம்.

சிங்கம், கழுதைப்புலி, நரி மூன்றும் சேர்ந்து வேட்டையாடுகின்றன. பங்கு பிரிக்கச் சொன்னதும் கழுதைப்புலி ஆளுக்கு ஒன்று என்று நேராகப் பிரிக்கிறது. சிங்கம் ஒரே அறை, தலை போய்விடுகிறது. அடுத்து நரி. இது உங்கள் காலைச் சாப்பாடு, இது மதியம், இது இரவு என்று எல்லாவற்றையும் சிங்கத்துக்கே வைக்கிறது. ‘இவ்வளவு நேர்த்தியாகப் பங்கு பிரிக்க யார் கற்றுக்கொடுத்தார்கள்?’ ‘கழுதைப்புலியின் தலை.’

அரபுலகம் முழுவதும் ஓடும் கதை இது. குழந்தைப் புத்தகங்களில் ‘பிறர் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்’ என்று கீழே எழுதிவிடுகிறார்கள். நியாயமாகப் பிரித்ததுதான் செத்தது என்பதைக் குழந்தை கவனிக்காமல் இருக்குமா? இது நியாயத்தைப் புகழும் கதை இல்லை. அதிகாரத்தின் முன்னால் நியாயம் என்ன பாடுபடும் என்று காட்டும் கதை. அதைச் சிரித்துக்கொண்டே காட்டுவதுதான் அதன் திறமை.

பழமொழியாகச் சுருங்கிய கதைகள்

சூடானில் நீதி வெளிப்படையாகப் பேசப்படும் இடம் பழமொழி. கதை சொல்லும்போது வாய் திறந்து உபதேசிக்காத ஹபோபா, மறுநாள் பிள்ளை அடம்பிடிக்கும்போது ஒரு பழமொழியை வீசுவார். அதனால் கதையையும் பழமொழியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

‘கரீத் என்ற ஆடு கரத் காய்க்கு என்ன செய்கிறதோ, அதைத் தன் தோலில் காணும்’ என்று ஒன்று. கரத் என்பது நைல் கரையில் வளரும் ஒரு வேலமரத்தின் காய். அந்த மரம் தமிழ்நாட்டின் ஏரிக்கரைகளில் நிற்கும் நாட்டுக் கருவேலமேதான். ஆட்டுக்கு அந்தக் காய் என்றால் உயிர், மென்று தீர்த்துவிடும். ஆனால் அதே காயின் துவர்ப்பை வைத்துத்தான் ஆட்டுத்தோலைப் பதனிடுவார்கள். காயை ஆடு மென்றது போலவே, காய் ஆட்டின் தோலை ஒருநாள் பதம் பார்க்கும். கருவேலம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட நம் ஊர்க்காரர்களுக்கும் இதில் ஒரு சொல்லும் விளக்க வேண்டியிருக்காது. ‘வினை விதைத்தவன்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட இது பல மடங்கு குறிப்பானது: தண்டனை வெளியிலிருந்து வருவதில்லை, தின்ற பொருளே திரும்பி வருகிறது.

‘முகமலர்ந்து தரும் பலீலா, முகம் சுளித்து அறுக்கும் ஆட்டைவிட மேல்’ என்பது இன்னொன்று. பலீலா என்றால் அவித்த தானியமோ பயறோ, ஏழை வீட்டுப் பண்டம். ‘ஒட்டகம் தன் கழுத்தின் கோணலைப் பார்ப்பதில்லை’ என்பதற்கு விளக்கமே வேண்டாம்.

மற்ற ஊர்கள், மற்ற நீதிகள்

சூடானை ஒரே கதைக்குள் அடக்கிவிட முடியாது. வடக்கே நூபியர், செங்கடல் பக்கம் பெஜா, மேற்கே ஃபூர், தெற்கு மலைகளில் நூபா என்று ஒவ்வொருவருக்கும் தனி மொழியும் தனிக் கதைகளும் இருக்கின்றன. நைல் கரையின் ஜஅலியின் மக்களின் கதைகளை ஆராய்ந்த சையித் ஹாமித் ஹுரைஸ், ஒரே கதைக்குள் ஆப்பிரிக்க, அரபு, இஸ்லாமியக் கூறுகள் பின்னிக் கிடப்பதை 1970களிலேயே விரிவாகக் காட்டினார்.

கிழக்கே செத்தீத் ஆற்றுப் பக்கத்து ஹம்ரான் மக்களிடம் தாஜூஜ் கதை இருக்கிறது. முஹல்லக் தன் மனைவி தாஜூஜின் அழகில் பித்தானவன், அதைப் பாட்டாகப் பாடி ஊர் வாயில் போட்டவன். ஒருநாள் உடையின்றித் தன் முன்னால் நடந்து காட்டச் சொல்லி வற்புறுத்துகிறான். நான் கேட்பதைத் தருவேன் என்று முதலில் சத்தியம் செய் என்கிறாள். செய்கிறான், அவள் நடக்கிறாள், பிறகு கேட்கிறாள்: விவாகரத்து. சொன்ன சொல்லை மீற முடியாமல் கொடுத்துவிட்டு, முஹல்லக் பைத்தியமாகி அலைகிறான். காதல் கதையாகவே பெரும்பாலும் இது பேசப்படுகிறது. ஆனால் ஒரு பெண்ணின் மானத்தைத் தன் சொத்துபோல் எடுத்து வைத்து விளையாடியவனுக்கு விழுந்த அடி என்று படித்தால் கதையின் ஒவ்வொரு மூட்டும் பொருந்துகிறது.

மேற்கே ஃபூர் மக்களின் நிலமான தார்ஃபூரில் அரச வம்சத்தின் தொடக்கத்தைச் சொல்லும் கதை, குதிகால் நரம்பு வெட்டப்பட்ட அகமது அல்மஅகூர் என்ற அந்நியனைப் பற்றியது. ஃபூர் அரசனின் வீட்டில் சேர்ந்த அவன், வலுத்தவன் அள்ளித் தின்பதை நிறுத்தி, எல்லோரும் உட்கார்ந்து பங்கிட்டுச் சாப்பிடும் ஒழுங்கைக் கொண்டுவந்தான் என்றும், அதனால் அரசன் மகளை மணந்தான் என்றும் சொல்வார்கள். சென்னார் பக்கமும் இதே போன்ற ‘அறிவுள்ள அந்நியன்’ கதை உண்டு. இதை வரலாறாக எடுத்துக்கொள்வது தவறு. ஆட்சி செய்யத் தகுதி எது என்ற கேள்விக்கு, வாளைக் காட்டாமல் சோற்றுத் தட்டைக் காட்டும் பதிலாக எடுத்துக்கொண்டால் போதும்.

2011இல் தெற்கு சூடான் தனி நாடானது. அதனால் திங்கா, நூயர், ஷில்லுக் மக்களின் கதைகளில் பெரும்பகுதியை இன்று அந்த நாட்டுக் கணக்கில்தான் வைக்க வேண்டும். பழைய புத்தகங்களில் எல்லாம் ‘சூடான் கதை’ என்றே இருக்கும். திங்கா மக்களின் ஒரு கதையில் வானமும் பூமியும் அருகருகே இருந்தன, கயிறு பிடித்து ஏறிவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு தானியமணி குத்தினால் போதும் என்று கடவுள் சொல்லியிருந்தார். முதல் பெண் அபுக் கொஞ்சம் கூடுதலாகக் குத்த நீண்ட உலக்கையை ஓங்கினாள், அது வானத்தில் இடித்தது. கடவுள் விலகிப்போனார், ஒரு குருவி கயிற்றை அறுத்தது. பேராசைக் கதை என்று சுருக்கலாம்தான். ஆனால் அவள் குத்தியது பசிக்கு என்பதையும் கதை மறைக்கவில்லை.

பயமுறுத்தும் பகுதி, உறுத்தும் பகுதி

சில கதைகள் நேரடிப் பாதுகாப்பு விதிகள். ‘அப் லம்பா’ என்ற விளக்குப் பேய் இரவில் தூரத்தில் ஒளி காட்டி வழிப்போக்கனை இழுத்துப்போகும். சமவெளியில் தெரியாத வெளிச்சத்தின் பின்னால் போகாதே என்பதே செய்தி. ‘வத் உம் பஅலு’ என்ற பூச்சாண்டி இருட்டில் திரியும் பிள்ளைகளுக்கு. நூபியக் கதைகளில் நைலுக்குள் வாழும் ஆற்று மக்கள் உண்டு. முதலை இருக்கும் ஆற்றங்கரையில் குழந்தை வளர்ப்பவர்களுக்கு அப்படி ஒரு கதை தேவைப்பட்டிருக்கும்.

எல்லாமே கொண்டாடத் தக்கதும் இல்லை. மனிதரைத் தின்னும் சூனியக்காரர் என்று பொருள்படும் ‘சஹ்ஹார்’ கதைகள், வேறு இனத்தவரையும் வெளியூராரையும் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. வடக்கின் கதைகளில் அடிமைகள் ஏவல் பாத்திரங்களாகச் சாதாரணமாக வந்துபோகிறார்கள். அடிமை வணிகம் நடந்த நிலத்தின் தழும்பு அது. தார்ஃபூர், கொர்தோஃபான் பக்கத்து ‘ஹக்காமா’ பெண் பாடகிகள் வீரனைப் புகழ்ந்தும் கோழையை நாறடித்தும் பாடுவார்கள். அந்தப் பாட்டுக்குப் பயந்தே ஆண்கள் சண்டைக்குப் போனதுண்டு. வாய்மொழி மரபு என்றாலே நல்லதை மட்டும் கற்றுத்தரும் என்று நம்புகிறவர்கள் இவற்றையும் படிக்க வேண்டும்.

கதையைப் படிக்கவும் சொல்லவும் சில குறிப்புகள்

ஒரு ஹுஜ்வாவைக் கையில் எடுத்ததும் முதல் வாசிப்பில் நீதியைத் தேடாதீர்கள். இரண்டாம் வாசிப்பில் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: இடப்பக்கம் ஒவ்வொரு பாத்திரமும் செய்தது, வலப்பக்கம் அதற்குக் கிடைத்தது. வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகளே முக்கியம். கிழவனின் தோல் போன வரிக்கு எதிரே ஒன்றும் இருக்காது. அங்கேதான் அந்தச் சமூகத்தின் எழுதாத விதி ஒளிந்திருக்கிறது. பிறகு மூன்று முறை வருவதைக் கவனியுங்கள். மூன்றாம் முறை எது மாறுகிறதோ, கதையின் திருப்பம் அங்கே. பாட்டு வந்தால் தாண்டிவிடாதீர்கள். உரைநடையில் சொல்லத் துணியாததைப் பாத்திரங்கள் பாட்டில் சொல்லிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நேரும் பிழைகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில் நேர்பவை. கடைசியில் நீதி வரி ஒட்டுவது முதல் பிழை. ஒட்டியதும் குழந்தை கேள்வி கேட்பதை நிறுத்திவிடும், கதை பரீட்சை ஆகிவிடும். அரக்கியைச் சாதுவாக்குவது அடுத்தது. அவள் தின்னமாட்டாள் என்றால் ஃபாத்திமா விழித்திருந்ததற்கு மதிப்பே இல்லை. குழந்தை பயந்தால் அரக்கியை மாற்ற வேண்டாம், தொடக்க வரியையும் முடிவு வரியையும் அழுத்திச் சொன்னால் போதும். ‘தூங்குவது யார், விழித்திருப்பது யார்?’ என்ற கேள்வியை ஒருமுறை மட்டும் சொல்லிச் சுருக்குவதும் பிழைதான். ஒவ்வொரு முறையும் குரலைத் தாழ்த்திக்கொண்டே போக வேண்டும், அந்த இடைவெளியில்தான் கேட்கிறவர் மூச்சைப் பிடிக்கிறார்.

தொகுப்புகளை நம்புவதிலும் அளவு வேண்டும். அல்தாமர் அருகே பிறந்த அறிஞர் அப்துல்லா அத்தய்யிப் (1921–2003) எழுதிவைத்த அஹாஜிகளால்தான் பல கதைகள் பள்ளிக்கும் வீட்டுக்கும் அச்சில் வந்து சேர்ந்தன. ஆனால் எழுத்தில் வந்த வடிவமே ‘மூலம்’ என்று மற்ற வடிவங்களைத் தள்ளிவிடக் கூடாது. கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் 1972இல் உருவான ஆப்பிரிக்க, ஆசிய ஆய்வு நிறுவனம், நாட்டாரியலுக்குத் தனித்துறை வைத்துப் பல வடிவங்களைத் திரட்டியது இதனால்தான்.

2023 ஏப்ரல் 15 அன்று வெடித்த போரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டுப் பெயர்ந்திருக்கிறார்கள். பாட்டி ஓரிடம், பேரப்பிள்ளைகள் ஓரிடம் என்று குடும்பங்கள் பிரிந்து கிடக்கின்றன. சூடானியக் குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் இருந்து, அவர்கள் சம்மதித்து நீங்கள் ஒரு கதையைப் பதிவுசெய்தால், கதையோடு சேர்த்துச் சொன்னவரின் ஊர், அவர் யாரிடம் கேட்டது, எந்த மொழியில் சொன்னது, கேட்க யார் இருந்தார்கள், பதிவான தேதி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் வெளியிடுவதா என்பது அவர் முடிவு. தொடக்க வரியையும் முடிவு வரியையும் அவர் சொன்ன ஒலியிலேயே விட்டுவிடுங்கள். இடையில் குழந்தைகள் கேட்ட கேள்விகளையும் வெட்டாதீர்கள். பாட்டி அவற்றுக்குச் சொன்ன பதிலும் கதையைச் சேர்ந்ததுதான்.

படிக்கும் வரிசை கேட்டால்: முதலில் வத் தக்தூக்கின் சிறு கதைகள், அடுத்து நரியும் கழுதைப்புலியும், பிறகு ஃபாத்திமாவின் குறைந்தது இரண்டு வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. தாஜூஜை வளர்ந்தவர்களுக்கு என்று ஒதுக்கி வைக்கலாம்.